தறிக்குழியை மூடிய முகம்

பிள்ளையார்பாளையத்தில் என் சித்தப்பா வீட்டுத் தறிக்குழியை மூடுவதற்கென்று ஒரு பலகை உண்டு. தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற குழி அது. வேலை முடிந்ததும் மூடாவிட்டால் தவழ்கிற பிள்ளையோ பூனையோ உள்ளே விழும். மற்ற வீடுகளில் பழைய கதவு, கிழிந்த பாய் என்று எதையாவது போட்டுவைப்பார்கள். எங்கள் வீட்டுக் குழியை ஒரு சினிமா நடிகர் மூடிக்கொண்டிருந்தார். அகன்ற நெற்றி, நரைத்த புருவம், இரண்டு பெரிய கண்கள், பாதி மூக்கு. அதோடு முகம் முடிந்துவிடும். வாய் கிடையாது. கொட்டகை வாசலில் நின்ற கட்டவுட்டிலிருந்து சித்தப்பா பெயர்த்துக்கொண்டு வந்தது அது. இரவில் முகம் குழிக்குள் பார்த்திருக்கும். பகலில் எதிர்ச்சுவரில் சாய்ந்து வீட்டைப் பார்த்திருக்கும். அதே வீட்டில் வளர்ந்த நான் அந்தக் கண்களின் முன்னால்தான் வாய்ப்பாடு படித்தேன்.

சித்தப்பா அந்த நடிகரின் ரசிகர் மன்றத் தலைவர். எங்கள் தெருவில் தலைவர் என்றால் அவர்தான். ஓட்டு வாங்கி ஜெயித்தவரைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புதுப்படம் வந்தால் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு, மாலையில் தறியில் உட்கார்ந்தபடியே வசனத்தை முழுதாகச் சொல்வார். பாவுக்குள் நூலைக் கொண்டுபோகிற நாடா ஒரு தடவை ஓடித் திரும்பினால் ஒரு வரி. பிள்ளைகள் நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவோம். டிக்கெட்டுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் படம். அந்த நடிகரிடம் இருந்ததெல்லாம் குரல். நடனம் சுமார், சண்டை அதைவிடச் சுமார். வாயைத் திறந்தால் மட்டும் கொட்டகைத் தகரம் அதிரும். அவரைப்போலப் பேசிப் பேசியே சித்தப்பாவின் சொந்தக் குரல் எதுவென்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. “ரசம் ஊத்துன்றதக்கூட அந்தாளு மாதிரியே சொல்றாரு. நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கிறது?” என்பாள் சித்தி.

இப்படிப்பட்ட நடிகர்தான் ஒருநாள் வாழ்க்கை வரலாற்றுப் படம் ஒன்றில் நடித்தார். உண்மையாகவே வாழ்ந்த ஒரு நாடகக்காரரின் கதை. ஊரூராகப் பாடிப் பேர்வாங்கிய மனிதருக்கு நடு வயதில் குரல் போய்விடுகிறது. மிச்ச ஆயுளை ஊமையாகவே கழிக்கிறார். இதெல்லாம் சுவரொட்டியில் போடவில்லை. போட்டிருந்தாலும் எங்கள் ஆட்கள் படித்திருக்க மாட்டார்கள். மேளம் அடித்து, கட்டவுட்டுக்கு மாலை ஏற்றி, தொண்டை வறளக் கத்திவிட்டுத்தான் உள்ளே போனார்கள். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இடைவேளை வரைக்கும் கொண்டாட்டம். அதற்குப் பிறகு ஒரு காட்சி. பழைய நாடகக் கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து, ஒரே ஒரு வரி பாடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். நடிகர் வாயைத் திறக்கிறார். சத்தம் வரவில்லை.

கொட்டகையில் ஒருவருக்கும் கதை புரியவில்லை. “சவுண்டு! சவுண்டு வை!” என்று கூச்சல் கிளம்பியது. செருப்பு பறந்தது. தலைவர் என்ற முறையில் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படம் ஓட்டுகிற அறைக்கு மாடி ஏறினார். “எங்க ஆளு பேசிக்கினு இருக்காரு, உன் பெட்டிதான் வேலை செய்யல. ஏத்துப்பா சவுண்ட!” என்று கதவை உதைத்தார். ஆபரேட்டர் பயந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டுகிற திருகுகளையெல்லாம் முழுதாகத் திருப்பிவிட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கீழே கூச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த அறையின் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஏதோ வந்திருக்க வேண்டும். சித்தப்பா கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். பிறகு படியில் இறங்கி வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை நான் மிக அருகில் பார்த்தேன். அது அவமானமா, கோபமா, வேறேதாவதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை பிள்ளைகள் வழக்கம்போலச் சன்னலில் தொங்கி, “வசனம் சொல்லுங்க தலைவரே” என்றோம். அவர் தறியை நிறுத்தினார். தலையைச் சற்றே சாய்த்து, எங்களையே பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெகுநேரம் கழித்து, “ஒண்ணுமில்ல, போங்கபா” என்றார். மறுநாள் காலையில் அவரே ஏணி போட்டு ஏறிக் கட்டவுட்டைப் பிரித்து, அந்தப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். டீக்கடையில் எல்லோர் முன்னாலும், “படமா அது? ஊமைய காட்டி ஏமாத்திட்டானுங்க” என்று திட்டினார். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மன்றத்தைக் கலைத்தார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு வேறு படங்கள் பார்த்தார், சிரித்தார், எல்லோரையும் போலத்தான் இருந்தார். வசனம் மட்டும் சொல்லவில்லை. நெஞ்சுவலி வந்து போய்ச் சேரும்வரை அந்தப் படத்தைப் பற்றியும் பேசவில்லை.

இப்போது அந்தப் படம் காவியமாகிவிட்டது. யாரோ ஒரு பையன் வீடியோ போட்டானாம். அதைப் பார்த்து வேறு நூறு பேர் போட்டார்களாம். அந்த ஊமைக் காட்சிக்கு ‘மூச்சுக் காட்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சத்தம் வராத அந்த இடத்தில் நடிகர் ஒரு மூச்சு விடுகிறாராம். அந்த மூச்சுக்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகுமாம். செருப்பு வீசியவர்கள்கூட, எனக்கு அப்போதே பிடித்திருந்தது என்று கைப்பேசியில் எழுதுகிறார்கள். ஓரிக்கையில் என் வீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. நாங்கள் அன்று குருடாக இருந்தோமா, இவர்கள் இன்று இல்லாததைப் பார்க்கிறார்களா என்று குழம்பிப்போனேன்.

படத்தைக் காஞ்சிபுரத்தில் மறுபடி திரையிடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு இருவர் சித்தி வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பழைய மன்றத்தின் செயலாளர் பாய், சித்தப்பாவின் உயிர் நண்பர். இன்னொருவன் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற தம்பி, புது ரசிகர்களின் தலைவன். அன்று நானும் அங்கே இருந்தேன். சித்தி தறியிலிருந்து எழுந்திருக்காமலே பேசினாள்.

“கட்டவுட்டுல மிச்சம் இருக்குறது இந்தப் பலகை ஒண்ணுதான்மா. கொட்டகையில வெச்சிட்டு பத்திரமா குடுத்துர்றோம்” என்றான் தம்பி. “பேனர்ல தலைவர் போட்டோவும் போடுறோம். ‘வெளிவந்த அன்றே கொண்டாடிய ஒரே ரசிகர்’னு.”

“கொண்டாடுனாரா?” என்றாள் சித்தி.

“அண்ணி, அன்னிக்கி படியில உக்காந்து துண்டால கண்ண தொடச்சிக்கினு இருந்தாரு. அல்லா மேல ஆணை, நான் பாத்தேன்” என்றார் பாய்.

“அது வேர்வை பாய். வூட்டுக்கு வந்து ஒண்ணத்துக்கும் ஆவாத படம்னு திட்டித்தான் சோறு துன்னாரு.”

“வாய் இருக்குற பலகைய வுட்டுட்டு கண்ணு இருக்குறத மட்டும் எடுத்துக்கினு வந்திருக்காருமா! படம் புரியாத ஆளா அப்பிடி எடுப்பாரு?” என்றான் தம்பி.

சித்தி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “குழிக்கு இதான்பா அளவா இருந்துச்சி. அவரே சொன்னாரு.”

“அப்ப மூஞ்ச கீழ வெச்சி மூடுறீங்களே, மிதிக்கக் கூடாதுன்னுதானே?” என்றான் தம்பி விடாமல்.

“பெயின்ட் உதிர்ந்து பட்டுல ஒட்டும். அதுக்குதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடியில் அவரோடு நின்றவள் நான் ஒருத்திதான். இறந்துபோன மனிதருக்கு ஒரு கருத்தைச் சட்டைபோல மாட்டிவிடப் பார்க்கிறார்கள். அது அவருக்குப் பொருந்துமா என்று சொல்ல வேண்டியது நான். ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஊர் இன்று புகழ்வதை என் சித்தப்பா அன்றே உணர்ந்தார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் கதவை உதைத்தவரும் அவர்தானே. எனக்குத் தெரியவில்லை என்றேன். கடைசியில் சித்திதான் முடிவு சொன்னாள். “கொண்டாடுனாருன்னு போடாதீங்க. பலகைய எடுத்துக்கினு வந்தாருன்னு போடுங்க. அது நெசம்.”

திரையிடலுக்கு நானும் சித்தியும் போனோம். வாசலில் மேசைமேல் அந்தக் கண்களை நிறுத்தி, மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே, மூச்சுக் காட்சி வருவதற்கு முன்னாலேயே விசில் தொடங்கிவிட்டது. நடிகர் தலையைச் சற்றே சாய்த்தார். வாயைத் திறந்தார். என் கை தானாகச் சித்தியின் கையைப் பிடித்தது. அன்று மாலை தறியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்த அதே சாய்வு. நடித்துக் காட்டினாரா அவர்? வசனம் கேட்ட பிள்ளைகளுக்கு வசனம்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா? அடுத்த நொடியே சந்தேகமும் வந்தது. இழை பார்த்துப் பழகிய எங்கள் தெருவில் எல்லோருக்கும் தலை அப்படித்தான் சாயும். மூச்சையாவது கேட்டுவிடலாம் என்று காதைத் தீட்டினேன். கொட்டகை முழுக்கக் கைதட்டல். அன்றைக்குக் கூச்சலில் கேட்கவில்லை, இன்றைக்குப் பாராட்டில் கேட்கவில்லை. “இன்னாமா சத்தம் வந்துச்சி இப்ப?” என்றாள் சித்தி காதோரமாக.

மறுநாள் மாலை தம்பி பலகையைத் துணியில் சுற்றி, கோயில் சாமான் போலக் கொண்டுவந்து கொடுத்தான். தூசி துடைத்து வார்னிஷ் அடித்திருந்தான். கண்கள் பளபளத்தன. சித்தி வேலையை முடித்துத் தறியிலிருந்து எழுந்திருந்தாள். நான் பலகையை எடுத்துக் குழிமேல் போட்டேன். ஒரு பக்கம் ஒரு சாண் அகலத்துக்குக் குழி திறந்தே கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஏதாவது ஓர் ஓரம் திறந்துகொண்டே இருந்தது.

“ஓரத்துல வேற ஒரு கட்டைய ஆணி அடிச்சி சேத்திருந்தாங்ககா” என்றான் தம்பி தயக்கத்தோடு. “கட்டவுட்டோடது இல்லன்னு நாங்கதான் எடுத்துட்டோம். ஏன், எதனா தப்பா?”

தப்பில்லை என்று சொல்லி அவனை அனுப்பினேன். சித்தி குழியோரத்தில் குனிந்து, திறந்து கிடந்த இடத்தைக் கையால் அளந்தாள். தினமும் தூக்கிப் போட்ட பலகைதான். அந்தக் கட்டையை அவள் பார்க்காதவளும் இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

“அளவா இருந்துச்சின்னாரே” என்றாள். “பத்தாதத எடுத்தாந்து ஒட்டுப் போட்டுக்கினு, அளவா இருந்துச்சின்னு ஏன்மா சொன்னாரு எங்கிட்ட?”

பலகையை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு முனையாக அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம்.