நான் வேலையை விட்டு நீக்கிய ஆள்

கந்தர்வக்கோட்டையில் முந்திரிப்பருப்பு உடைத்து விற்கிறவன் நான். துபாயில் மளிகைக்கடை வைத்திருக்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவர் போனில் விலை விசாரித்துவிட்டு, "கம்பெனி மெயில்ல கொட்டேஷன் அனுப்புங்க" என்றார். அந்த ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்க பருப்பு உடைக்கும் பெண்களுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். என்னிடம் இருந்த மெயில் முகவரியோ கல்லூரியில் விளையாட்டாக வைத்தது. அதில் 'ஸ்வீட் மாப்பிள்ளை' என்று வரும்.

கம்பெனி பெயரில் டொமைன் என்கிற இணைய முகவரி வாங்கிவிட்டேன். மெயிலுக்குப் போனால் எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கேட்டார்கள். தேடித் தேடி ஒரு மலிவான இடத்தைப் பிடித்தேன். ஒரு மெயில் பெட்டிக்குப் பணம் கட்டினால் போதும், அதற்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் இலவசம். இலவசம் என்றால் நான் விடுவேனா? சேல்ஸ், மேனேஜர், அக்கவுண்ட்ஸ், எக்ஸ்போர்ட் என்று வைத்துத் தள்ளினேன். டொமைன் கணக்கில் சில வரிகளை ஒட்டச் சொன்னார்கள். தப்பான இடத்தில் ஒட்டிவிட்டு ஒரு பகல் முழுக்க இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக சேல்ஸ், மேனேஜருக்கு வணக்கம் அனுப்பினார். மேனேஜர் பதில் போட்டார். பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீங்களும் நீங்களும் பேசிக்கிட்டு இருங்க. பருப்பை யாரு காய வைக்கிறது?" என்றாள்.

சேல்ஸ் கொட்டேஷன் அனுப்பினார், மேனேஜருக்கும் ஒரு நகலோடு. துபாய்க்காரர் சாம்பிள் கேட்டு எழுதினார். அந்த நேரம் பார்த்து தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர், பந்தல், பந்தி என்று அலைந்ததில் மெயில் இருப்பதே மறந்துபோனது. திரும்பிவந்து பார்த்தால் துபாய்க்காரரிடமிருந்து மேனேஜருக்கு ஒரு புகார்: உங்கள் சேல்ஸ் ஆள் பதிலே போடுவதில்லை.

எனக்கு என்மேலேயே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, 'வருந்துகிறோம். அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். சாம்பிளையும் அனுப்பிவைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதிக்கு அளவே இல்லை.

அதற்குப் பிறகு துபாய்க்காரரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஊருக்கு லீவில் வந்தவர் நேரே என் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பையோடு.

"ஏங்க, நான் சொன்ன ஒரு வார்த்தைக்கா ஒருத்தரு வேலையைப் பறிச்சீங்க? நானும் துபாயில ஒரு காலத்துல வேலை போயி நின்னவன்தான். அந்தத் தம்பி வீடு எங்கிட்டு இருக்கு? பாத்துட்டு வாரேன். அவரைத் திரும்பச் சேர்த்தாத்தான் ஆர்டர்."

"அவரு... வெளியூரு போயிருக்காருங்க" என்று இழுத்தேன்.

டீ கொண்டுவந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்கிட்டும் போகலைங்க. சேல்ஸு இவருதான். நீக்குன மேனேஜரும் இவருதான்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அந்தத் தம்பிக்குன்னு வாங்குனது, வச்சுக்கங்க. ஆர்டரும் அவருக்குத்தான். ஒரே வரியில ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட்டாரே அந்த மேனேஜரு, அவரு மட்டும் இனிமே எனக்கு எழுத வேணாம்."