இரண்டாவது மைக்

பிள்ளைகளே, கேசட் போய் சிடி வந்த காலம். மேடவாக்கம் ஸ்டூடியோ ஒன்றில் மைக் மாட்டும் வேலையில் இருந்தேன். தானே பாட்டெழுதிப் பாடும் ஒரு மெலிந்த பெண் வந்தார். முதல் ஆல்பத்தில் அவரோடு கூடப் பாடிய தங்கை இறந்துவிட்டிருந்தாள். இரண்டாவதற்குப் பேர்பெற்ற இசையமைப்பாளர் கிடைத்தார். ஆனால் அந்தப் பெண் தன் பக்கத்தில் இன்னொரு மைக் கேட்டார்.

"காலி மைக் எதுக்கும்மா? காத்து வந்து பாடுமா?" என்றார் இசையமைப்பாளர்.

"அது இல்லன்னா ஆல்பமே வேணாம் சார்."

பாதிப் பாட்டில் இசையமைப்பாளர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருந்த ரெக்கார்டிங் அறையிலிருந்து அந்தக் காலி மைக்கை ஆஃப் செய்தார். உள்ளே பாடுகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. ஆனாலும் பாட்டு நின்றது.

"அவ பாடிக்கினு இருக்கா சார். ஏன் ஆஃப் பண்ணீங்க?"

இசையமைப்பாளர் மைக்கை மறுபடி போட்டார்.

எல்லோரும் போனபின் நான் தனியாக உள்ளே போய், பாடுகிறவர்களுக்கு வைப்பதுபோல அந்த இரண்டாவது மைக்குக்கு முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தேன்.