என் தங்கையின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்தருளும்

போன வருஷம் ஆடி மாதம் என் தங்கை ஜீவாவின் கைவிரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு ஜுரம், விட்டு விட்டு வந்தது. பிறகு இரண்டு கன்னத்திலும் வெயிலில் சுட்டது போல ஒரு சிவப்பு, மூக்கின் மேல் பாலம் போட்ட மாதிரி சேர்ந்து நின்றது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. கொல்லைக்காட்டில் ஆண்களுக்குச் சமமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிறவள் அவள். ஐப்பசி வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். ஜீவா இருப்பது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவி வைத்ததும் பஸ் ஏறிவிடுவேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் எப்போதும் கடைசியில் உட்காருகிறவள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெபம் பண்ணச் சொல்லி யாராவது என் பக்கம் திரும்பினால், புடவையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் குனிந்து தட்டிக்கொண்டிருப்பேன்.

ஜீவாவைப் பார்த்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். எதிர்ப்பு சக்தி கம்மி. கொரோனா வந்துபோன பிறகு இந்த வார்த்தை எங்கள் ஊர்ப் பக்கம் உப்பு புளி மாதிரி ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார், ஜீவாவின் கணவர் தேவராஜும் சொன்னார். கஷாயம் கொடுத்தார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். புஷ்பா சிஸ்டர் டப்பாவில் அடைத்த ஒரு பவுடரைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு சக்தியை ஏற்றும் பவுடர். ஒருவர் வாங்கி இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடுகிற வகை வியாபாரம் அது. எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். அவருடைய பைபிள் பையில் ஒரு பக்கம் வேதம், இன்னொரு பக்கம் பவுடர் டப்பா இருக்கும்.

வாரா வாரம் அவர் ஜீவாவின் தலையில் கையை வைத்து ஜெபிப்பார். "ஆண்டவரே, எங்க சகோதரிக்கு எதிர்ப்பு சக்தியைப் பெருகப் பண்ணும். ரெண்டு மடங்கா, நாலு மடங்கா பெருகப் பண்ணும்." நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்வோம். நானும் சொன்னேன்.

அவள் தேறவில்லை. வீக்கம்தான் பெருகியது. கால் வீங்கியது, கண்ணிமை வீங்கியது, சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. தேவராஜை இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்தார்கள். முடிவு வந்த அன்று ஜீவா வார்டில் படுத்திருந்தாள். எங்கள் இரண்டு பேரை மட்டும் டாக்டரம்மா அழைத்தார். சின்ன வயதுப் பெண். லூபஸ் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன பயிர் வைக்கிறீங்க?"

"மல்லாட்டை மேடம். கொஞ்சம் கரும்பு" என்றார் தேவராஜ்.

"காட்டுப்பன்னி வருமா?"

"வருமாவா. கூட்டமா வந்து ஒரு கொல்லையவே நோண்டிட்டுப் பூடும்."

"அதுக்குக் கம்பி கட்டி கரண்ட் விடுவாங்களா?"

தேவராஜ் தரையைப் பார்த்தார். "நாங்க வுடறதில்ல மேடம். பக்கத்துல வுடறாங்க."

"நான் போலீஸ் இல்லைங்க. அந்தக் கம்பியில பன்னி மட்டும்தான் சாகுமா?"

"ஆளும் சாவான் மேடம். அங்க ஒருத்தன், அவன் கட்டின கம்பிதான், தண்ணி கட்டப் போயி அவனே மிதிச்சிட்டான்."

"உங்க வீட்டம்மா உடம்புல அதுதான் நடக்குது" என்றார் டாக்டரம்மா.

பிறகு நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் ரத்தத்தில் காவலுக்கென்று அணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து கிருமி வந்தால் அது நம்முடையதல்ல என்று கண்டுபிடித்து அடிக்கும். ஒரு தடவை வந்த கிருமியை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் தடுப்பூசி வேலை செய்கிறது. எது நம்முடையது, எது அந்நியம் என்று பிரித்துப் பார்க்க அவற்றுக்கு உடம்பு சின்னதிலிருந்தே பழக்கம் கொடுக்கிறது. சிலருக்கு அந்தப் பழக்கம் எங்கோ கெட்டுவிடுகிறது. ஏன் என்று முழுசாகத் தெரியாது. அப்போது காவல் தன் உடம்பையே அந்நியம் என்று நினைத்து அடிக்கிறது. மூட்டுகளை அடிக்கிறது, தோலை அடிக்கிறது, ரத்தத்தை வடிகட்டுகிற சிறுநீரகத்தையும் அடிக்கிறது. ஜீவாவுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியில்லை. இருக்கிற சக்திதான் திசை கெட்டு அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"ஒரு பவுடர் குடிக்கிறா மேடம். சக்தி ஏறும்னு" என்றார் தேவராஜ்.

"கம்பியில ஆள் மாட்டிக்கிட்டு துடிக்கிறப்ப கரண்ட்டை ஏத்துவீங்களா? அதுல என்ன கலந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. முதல்ல நிறுத்துங்க. நான் கொடுக்கிற மாத்திரை கரண்ட்டைக் குறைக்கும். முழுசா அணைக்க முடியாது, அணைச்சா பன்னி உள்ள வந்துடும். அதனால லேசா ஜுரம் வந்தாலும் உடனே இங்க வரணும். மாத்திரையை மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, ஆபத்து."

வெளியே வந்தபோது தேவராஜ் சொன்னார்: "யக்கா, இதெல்லாம் அவகிட்ட சொல்லவேணாம். தன் உடம்பே தன்னைத் தின்னுதுன்னா பயந்தே செத்துடுவா." நான் சரி என்று தலையாட்டினேன். எனக்குப் பேச வராது என்பதும் ஒரு வசதியாகப் போயிற்று.

அன்று திண்டிவனத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆண்டவர் மேலேயே கோபம். வாரா வாரம் அவளைக் கொல்லுகிற ஒன்றை நாலு மடங்காகக் கேட்டிருக்கிறோம். கேட்கிற பிள்ளைகளுக்குத்தான் புத்தியில்லை, உமக்குத் தெரியும்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தேன்.

மாத்திரை ஆரம்பித்ததும் வலி குறைந்தது. ஆனால் ஜீவாவின் முகம் ஊதி வட்டமாகிவிட்டது. புஷ்பா சிஸ்டர் அவளிடம் வந்து போனை நீட்டி ஏதோ வீடியோ காட்டியிருக்கிறார். "இந்த மாத்திரை உள்ள இருக்கிற கொஞ்ச சக்தியையும் சாவடிச்சிடும் சிஸ்டர். மூஞ்சிய பாரு, பூசணிக்கா மாதிரி ஆய்க்கினு வருது. விசுவாசத்தோட பவுடர குடி." என் தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது அவள் கால் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தது. மூச்சு இரைத்தது. அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் புது பவுடர் டப்பா.

கூட்டத்துக்குப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு முடிந்தது. புஷ்பா சிஸ்டர் எழுந்து வழக்கம் போல ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த மகளுக்கு எதிர்ப்பு சக்தியை..."

"வேணாம்" என்றேன் நான்.

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நான் எழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், அவர்கள் முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது. சத்தமாகச் சொன்னேன்:

"ஆண்டவரே, என் தங்கச்சியோட எதிர்ப்பு சக்தியைக் குறைச்சுப் போடும். கிருமி வந்தா தடுக்க கொஞ்சம் வச்சிட்டு மீதியக் குறைச்சுப் போடும். அவள அடிக்கிறது வெளியாள் இல்ல, அவ ரத்தமேதான். இத்தினி நாளா நாங்க உம்மகிட்ட தப்பா கேட்டுக்கினு இருந்தோம். நீர் குடுக்காததுக்கு ஸ்தோத்திரம். இனிமேலும் குடுக்காதேயும். அவ மாத்திரையை முழுங்கணும், அதுக்கு மட்டும் மனசு குடும்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

"இன்னா சிஸ்டர் இது" என்றார் புஷ்பா சிஸ்டர். "ஜெபமா, சாபமா?"

"டாக்டர் சொன்னதத்தான் கேட்டேன்."

"டாக்டர் பெரியவரா, கர்த்தர் பெரியவரா?"

"கர்த்தர்தான் பெரியவரு. உங்க டப்பா இல்ல."

வாயில் வந்துவிட்டது. ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜீவாவைப் பார்த்தேன். அவள் என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீ பேசுவியா?" என்றாள்.

"பேசுவேன்."

"ரத்தமே அடிக்குதுன்னியே. டாக்டரம்மா நெசமாவா அப்படி சொன்னாங்க?"

அங்கேயே அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பன்றி, கம்பி, கரண்ட், தண்ணீர் கட்டப் போனவன், எல்லாம் சொன்னேன். தேவராஜ் வாசற்படியில் தலையைக் குனிந்து நின்றார். ஜீவா அவரைப் பார்த்து, "இத எங்கிட்ட ஏன் சொல்லல? எனக்கு சக்தியே இல்லன்னு நெனச்சிக்கினு சாவக் கெடந்தேனே. நான் இன்னா கொழந்தையா?" என்று கேட்டாள். பிறகு அவள் கையை நீட்டினாள். "தண்ணி குடு. அந்த அட்டைய எடு."

மாத்திரையை அவள் விழுங்கினாள். என் ஜெபத்துக்கு முதல் பதில் அது.

அன்றே கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிறுத்தியதற்கு டாக்டரம்மா திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு சிறுநீரகமும் போயிருக்கும் என்றார். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நான் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்து உட்கார்ந்து அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "எல்லாரும் ஏத்தச் சொல்லிக் கேப்பாங்க, நீ எறக்கச் சொல்றியேம்மா" என்றார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, மாசி மாதத்தில், அவள் இடுப்பில் பெல்ட் கட்டிய மாதிரி கொப்புளம் கிளம்பியது. அக்கி. தீப்பட்ட மாதிரி எரிச்சல். விஷயம் தெரிந்ததும் புஷ்பா சிஸ்டர் எனக்குப் போன் பண்ணினார். "இப்ப இன்னா சொல்ற சிஸ்டர்? நீ கேட்டத ஆண்டவர் குடுத்துட்டார் பாரு."

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. என் ஜெபம்தான் அவளைப் படுக்கவைத்ததோ என்று பயந்தேன். வேலையிலிருந்து பாதியில் சொல்லிவிட்டு ஓடினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சின்ன வயதில் இவளுக்கு அம்மை போட்டதா என்று கேட்டார். போட்டது என்றேன். அந்தக் கிருமி அத்தனை வருஷமும் நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்ததாம். காவல் அதை அடக்கி வைத்திருந்ததாம். காவலைக் குறைத்ததும் எழுந்துவிட்டதாம். "இது நடக்கும்னு தெரிஞ்சுதான் உடனே வரச் சொன்னேன். நீங்களும் உடனே வந்துட்டீங்க. இதுக்கு மாத்திரை இருக்கு" என்றார். அக்கி ஆறியது. குறைப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது, அந்த அளவை அவர்கள் ரத்தம் பார்த்துப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படிப் பார்க்கிற கண்ணையும் கையையும் கொடுத்தவர் என் ஆண்டவர்தான்.

சித்திரை கடைசியில் சிறுநீரில் நுரை நின்றது. வீக்கம் வடிந்தது. கன்னத்துச் சிவப்பு மங்கியது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து இப்போது சின்ன அளவில் வைத்திருக்கிறார்கள். இது அடியோடு போகிற வியாதி இல்லை, அடக்கி வைக்கிற வியாதி. ஜீவா வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது, அதனால் நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்கிறாள். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏறிப் போகிறாள். என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்டால் டாக்டரைப் போலவே சொல்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் சபையில் அறுவடைப் பண்டிகை. புஷ்பா சிஸ்டர் மைக்கைப் பிடித்து ஜீவாவின் பெயரைச் சொல்லிச் சாட்சி சொன்னார். எதிர்ப்பு சக்திக்காகத் தாம் ஏறெடுத்த ஜெபமும், தாம் கொடுத்த பவுடரும் அவளைப் பிழைக்கவைத்தனவாம். சபையே கை தட்டியது. வெளியே மரத்தடியில் டப்பாக்கள் விற்றன. வாங்கியவர்களில் ஒரு தாய், மகளுக்கு மூட்டு வீக்கம், கன்னத்தில் சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, மறுநாளே நானும் கூடப் போய் அந்தப் பெண்ணை டாக்டரிடம் காட்டினேன். பிறகு போதகரிடம் போனேன். "ஐயா, எனக்கு மைக்குல பேச வராது" என்றேன். "எழுதிக் கொடும்மா, நான் வாசிக்கிறேன்" என்றார். எழுதிவிட்டேன்.

புஷ்பா சிஸ்டர் கெட்டவர் இல்லை. ஜீவா படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்தான். ஆனால் என் கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டாம் என்றும் நினைக்கிறேன். ஆண்டவர் பெயரைச் சொல்லி ஒருத்தி கையிலிருந்த மருந்தைப் பிடுங்கியதை நான் மன்னித்தாலும் மறக்க முடியாது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். முதலில் வைத்தியரிடம் போய் வியாதி என்ன என்று கேளுங்கள். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். படுத்திருப்பவரிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு முழங்காலில் நில்லுங்கள். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லை என்று என்னைப் போல் ஒதுங்க வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் துரத்தவில்லை. என் தங்கையைத் திருப்பிக் கொடுத்தார்.