மஃப்ளர் கட்டிய கரடி

எங்கள் வீட்டுப் பேரிக்காயைக் கரடிதான் தின்கிறது என்று மச்சான் அடித்துச் சொன்னார். என் மகன் அவருக்குத் தெரியாமல் மரத்திலேயே கேமரா மாட்டினான்.

இன்று குன்னூர் பஸ்ஸில் இருந்தபடி போனில் பார்த்தேன். கரடி மஃப்ளர் கட்டிக்கொண்டு, காய் பறித்துப் பையில் போட்டது. மச்சானேதான்!

போனில் மைக்கை அழுத்தி, கேமரா வழியாகக் குரலை மாற்றிப் பேசினேன். "டேய், என்ர மரத்துல கை வெக்கறயா?"

மச்சான் பையைப் போட்டுவிட்டு மரத்தைக் கும்பிட்டார். "சாமி, இனிமே தொடமாட்டனுங்க!"

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மருமகள் வாயைப் பிளந்தாள். "ஏனுங்க மாமா, இதுல பேசலாம்னு எனக்கே தெரியாதுங்களே!"

"மாமாவுக்குப் பட்டன் போனே போதும்னவ நீதானே?" என்றேன்.

சாயங்காலம் மச்சான் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிச் சூடம் காட்டினார். நாளைக்குச் சர்க்கரைப் பொங்கலாம்.

உண்மையை இப்போதே சொல்லட்டுமா, பொங்கலைத் தின்றுவிட்டுச் சொல்லட்டுமா?