கால் வட்டத்துக்கு மேல் திருகாத கனகசிங்கம்

நாவற்குடாவில் றேடியோ திருத்தும் கனகசிங்கம் சட்டத்தை மதிக்கும் மனிதர்; இல்லாத சட்டத்தையும் மதிப்பார். யுத்தகாலம் முழுவதும் அவர் எந்த வொலியூம் குமிழையும் கால் வட்டத்துக்கு மேல் திருகியதில்லை. இவன் செய்தி கேட்கிறவன் என்று வீதியில் போகிறவர்கள், அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களானாலும், அறியக் கூடாது. காதில் மாட்டும் ஹெட்போனின் சத்தம் வீதிக்குப் போகாதென்று மனைவி கேதீஸ்வரி எடுத்துச் சொன்னபோது, அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

ஆகவே, தாமே செய்த ஹெட்போன் பெருக்கியில் கெயினுக்கு மூன்று படி வைத்தார். மெல்லிய சத்தத்தை எத்தனை மடங்கு பெருப்பிப்பது என்பது கெயின். அதில் எவ்வளவைக் காதுக்குள் விடுவது என்பது வொலியூம். அவர் எதையும் கெயின் மூன்றில், வொலியூம் காலில்தான் கேட்பார். அப்படிக் கேட்டால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்தான். ஆனால் இரைச்சல் கேட்டதற்காக எவரையும் எவரும் கூட்டிக்கொண்டு போனதில்லை என்பது அவர் வாதம்.

யுத்தம் முடிந்து மூன்றாம் மாதம் காத்தான்குடி றஸீனா வந்தார். ஆறு வருடம் சவூதியில் வீட்டுவேலை செய்தவர். 2004 மார்கழியில் மகள் ஹஸீனா அவருக்கு ஒரு கசெற்றில் பேசி அனுப்பினாள். கசெற் போய்ச் சேர்வதற்குள் கடல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. எல்லாம் கேட்கிறது, கடைசி வசனம் மட்டும் பிடிபடவில்லை, குசுகுசுத்திருக்கிறாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் தாய் வந்திருந்தார்.

பட்டப்பகல் பதினொரு மணி. ஆளுக்கொரு ஹெட்போன். கெயின் மூன்றில் இரைச்சல் எழும்பியது. அதற்குள் மூச்சு கேட்டது. பிள்ளையின் மூச்சென்றால் ஒன்று கேட்க வேண்டும், இரண்டு கேட்டது. கனகசிங்கம் அதைத் தொழில்நுட்பக் கோளாறென்று தீர்ப்பளித்து, நாடாவைச் சுற்றி மறுபடி போட்டார். இம்முறை நாலைந்து.

"கெயினக் கீழ விட்டு வொலியூமக் கூட்டினாத் தெளியும், தங்கச்சி," என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல.

"அப்ப கூட்டுங்களன் அண்ணன்."

கை போகவில்லை. வெளியில் ஆராவது நிற்கலாம் என்று இழுத்தார்.

"சண்டதான் முடிஞ்சிட்டே. றேடியோவில சொன்னதக் கேக்கல்லையா?"

"அதையும் கால் வொலியூமிலதான் கேட்டன்."

றஸீனா கையை நீட்டிக் கெயினை ஒன்றுக்கு இறக்கினார். குமிழைக் கடைசிவரை திருகினார். இரைச்சல் வற்றியது. மூச்சுகள் நின்றன. காதுக்கு ஒரு விரல் தூரத்தில் பன்னிரண்டு வயதுக் குரல் நிதானமாகச் சொன்னது:

"உம்மா, சத்தத்தக் கொறச்சி வைங்க. வெளிய நிக்கிற ஆக்களுக்குக் கேக்கப்போகுது."

இத்தனை வருடக் கொள்கைக்கு ஒரு சாட்சி கிடைத்த பெருமை கனகசிங்கத்தின் முகத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வாசலைப் பார்த்தார். வீதியில் ஒரு நாய்கூட இல்லை.

றஸீனா குறைக்கவில்லை. நாடா ஓடி முடியும்வரை இருந்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்து, வாசலுக்குப் போய், அந்த வெறும் வீதியைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டாச்சுத்தானே? இனிப் போங்க."

காற்றில்லை. வாசல் கதவான படலை மட்டும், ஒருவர் பின் ஒருவராகப் பலபேர் வெளியேறினால் ஆடுவதுபோல, நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.