நடுக்கடலில் காக்காயைக் கூப்பிட்டவர்

ஐம்பத்தாறாம் வருடம் என்று ஞாபகம். தைப் பொங்கல் முடிந்த நாலாம் நாள், ஸ்ரீரங்கத்திலிருந்து மூட்டை முடிச்சுகளோடு பினாங்குக்குப் புறப்பட்டோம். நான், என் மனைவி, ஏழு வயது மகள், அப்புறம் எங்கள் நாய் டைகர்.

டைகர் என்றதும் பெரிய சீமை நாய் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. அம்மா மண்டபம் படித்துறையில் குட்டியாகக் கிடந்ததை என் மகள் பாவாடையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அவ்வளவுதான்.

திருச்சியில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த எனக்குப் பினாங்கில் அதே வேலை கிடைத்திருந்தது. கப்பலுக்கு நாள் குறித்ததும் மகள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "டைகர் வந்தா நான் வரேன்." சரி, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்க, அந்த ஊர்ல நாயே கிடையாதா?"

"இருக்குங்க. ஆனா இது இருக்காதே" என்றேன். சிரித்துக்கொண்டே ஊசி போட்டு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். பழப்பெட்டிப் பலகையில் நானே ஒரு கூண்டு அடித்தேன். நாகப்பட்டினம் வரை ரயில் பயணம்; கூண்டு மட்டும் கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியில். அங்கே கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். கூண்டைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கியபோது என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏறிடுச்சு, கண்ணைத் திற" என்று அவள் அம்மா சொன்ன பிறகுதான் திறந்தாள்.

எல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஒன்றுதான் நான் நினைக்காதது. நாங்கள் டெக் பயணிகள். கீழ்த்தளத்தில் ஜமக்காளம் விரித்துப் படுக்கிறவர்கள். நாய்க் கூண்டுக்கோ மேல்தளத்தில் இடம். அங்கே எங்களை விடமாட்டார்கள். கப்பலில் வரும் நாய்களுக்குச் சோறு போடுவது ஆடு வெட்டும் கசாப்புக்காரரின் பொறுப்பாம். அவர் நாகூர்க்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். தினமும் வேலை முடிந்து ஏணியடிக்கு வந்து எங்களுக்குச் சேதி சொல்லிவிட்டுப் போவார்.

முதல் நாள், "ஆட்டெலும்பு போட்டேன் தம்பி. தொடலே" என்றார்.

"கடல் புதுசு இல்லீங்களா. நாளைக்குச் சாப்பிடும் பாருங்க" என்றேன் தைரியமாக.

இரண்டாம் நாள் மீனையும் தொடவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கியது. கறி, மீன் சமைக்காத எங்கள் வீட்டில் வளர்ந்த நாய்க்கு மீனும் எலும்பும் என்ன தெரியும்? "தயிர் சாதம் குழைச்சு வைங்க பாய், தட்டை நக்கிடும்" என்று அடித்துச் சொன்னேன். அவரும் சமையல்காரரிடம் சண்டை போட்டுத் தயிர் வாங்கிப் பிசைந்து வைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வழக்கத்துக்கு மாறாக வந்து நின்றார். முகம் சரியில்லை. தயிர் சாதம் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்ததாம். டைகர் தட்டைப் பார்க்கிறதாம், எச்சில் ஒழுகுகிறதாம், ஆனால் வாய் வைக்கவில்லையாம். கப்பல் டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். நாளைக் காலைக்குள் சாப்பிடாவிட்டால் வெறிநோய்ச் சந்தேகம் என்று எழுதிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

"எழுதினா என்ன ஆகும் பாய்?"

என் மகள் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கரையில இறக்க விட மாட்டாங்க தம்பி. கப்பல்லயே முடிச்சுருவாங்க. அந்த வேலையையும் என் தலையிலதான் கட்டுவாங்க."

தாழ்த்தினாலும் அவர் குரல் நாலு பேருக்குக் கேட்கும். மகளுக்கும் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை.

சிறிது நேரத்தில் சாப்பாடு வந்தது. என் மனைவி தட்டை வாங்கியதும் பழக்க தோஷத்தில் ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கம்பி ஓரம் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து ஜமக்காளத்து அம்மாள் சிரித்துவிட்டாள். "ஏங்க, நடுக்கடல்ல காக்காயைத் தேடுறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்பு என் தகப்பனார் திதியன்று, காக்காய்க்கு என்று மதில்மேல் வைத்த சோற்றை டைகர் எம்பித் தின்றுவிட்டது. காக்காய் எடுக்காமல் அன்று வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். மறுபடி உலை வைத்து, மூன்று மணி வரைக்கும் எல்லோரும் பட்டினி. மறுநாளே நான் டைகருக்கு வாத்தியாராகிவிட்டேன். அச்சாபீஸ் காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, காக்காய்க்குச் சோறு வைத்துக் குரல் கொடுத்த பிறகுதான் டைகர் தட்டில் வாய் வைக்க வேண்டும் என்று பழக்கினேன். முந்தினால் மூக்கில் ஒரு தட்டு. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது. தெருவெல்லாம் பெருமையடித்தேன். பிறகு அது தினப்படி வழக்கமாகி, நான் கற்றுக்கொடுத்தேன் என்பதே மறந்துபோயிற்று.

ஏணியடிக்கு ஓடிப்போய்ப் பாயைக் கூப்பிட்டேன். "பாய், நீங்க காக்காயைக் கூப்பிடணும்."

"என்ன தம்பி, கவலையில புத்தி கலங்கிருச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆடு வெட்டுறவன்யா. மேல பூரா ஆபீசருங்க நிக்கிறாங்க. நான் கா கான்னு கத்தினா என்னையுமில்ல கூண்டுல போடுவாங்க!" சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார்.

நாங்கள் மூவரும் கீழே நின்றோம். புதிதாகச் சோறு வைக்கும் தட்டுச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கனத்த குரல்: "கா... கா..."

மேலே கொல்லென்று சிரிப்பு. டைகரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"தின்னலயே தம்பி!"

அப்போது என் மகள் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். "பாய் மாமா! முதல்ல காக்காய்க்கு ஒரு பிடி வைங்க! அது பாக்கணும்! அப்புறம் கூப்பிடுங்க!"

மேலே சோற்றை அள்ளும் கரண்டிச் சத்தம் கேட்டது. மறுபடியும் அந்தக் குரல், இந்தத் தடவை இன்னும் பலமாக. "கா... கா... கா..."

தகரத் தட்டு கூண்டுப் பலகையில் மோதி மோதித் தடதடக்கும் ஓசை கேட்டது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரு தட்டு கேக்குதுய்யா!" என்று மேலேயிருந்து பாய் கூவினார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் போய்விட்டார். பினாங்கில் பாயே கூண்டைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். "அம்மா, உங்க நாயால இப்ப எனக்கும் காக்காயைக் கூப்பிடாம சோறு இறங்க மாட்டேங்குது" என்று என் மனைவியிடம் சொன்னார். என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்று நாள் டைகர் பிடிவாதம் பிடித்ததாக நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தது. அதனால்தான் குழந்தைகளே, பெரியவளாகிவிட்ட என் மகள் இன்றைக்கும் ஏதாவது ஒன்றில் அசையாமல் நின்றால், திட்ட வாயைத் திறக்கும் முன்பு, இதை அவளுக்குப் பழக்கியது நான்தானோ என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்கிறேன்.