ரேடியோவில் உம்மாவின் பெயர்

என் சிறுகதையை நானே வாசித்த ஒலிப்பதிவு கைபேசியில் ஓடியதும் ஆறு வயது மகன் திகைத்துப்போனான்.

"உம்மா, நீங்க இஞ்சதானே இரிக்கீங்க? அங்க ஆரு கதைக்கிற?"

அவன் வயதில் எனக்கும் அப்படியொரு திகைப்பு வந்தது. சாய்ந்தமருதில், எங்கள் வீட்டுக் குசினியில் என் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். வாப்பா தேத்தண்ணி குடித்தபடி ரேடியோ கேட்டார். அறிவிப்பாளர் ஒரு கவிதையை வாசித்து முடித்து, எங்கள் ஊரையும் உம்மாவின் பெயரையும் சொன்னார். உம்மா பேனா பிடித்ததையே நான் கண்டதில்லை.

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அது ஆரு?"

"நான்தான்" என்றார் உம்மா, திரும்பாமலே. கழுவிய மீனையே மறுபடியும் கழுவினார். வாப்பா ஏசப்போகிறார் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"பயம்."

அந்தச் சொல்தான் வாப்பாவை உலுக்கியது. ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "கவிதய இன்னொருக்காச் சொல்லு புள்ள, நான் சரியாக் கேக்கல்ல" என்றார் உம்மாவிடம். உம்மாவுக்கு அழுகைதான் வந்தது.

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். "கவித எழுத ஏன் பயம், உம்மா?" என்று கேட்டான்.

கைபேசியில் சத்தத்தைக் கூட்டி, ஒலிப்பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.